விடு மாப்ள

அவனை வீட்டில் அரை ஆட்டக்காரன் என்றுதான் கேலி செய்வார்கள். டென்னிஸ்காரன் என்றால் முழுக் களத்தையும் தனியாளாக ஓடி அளக்க வேண்டும், கோப்பைக்கு முத்தம் கொடுக்க வேண்டும், பற்பசை விளம்பரத்தில் பல்லைக் காட்ட வேண்டும். இவன் ஆடுவது இரட்டையர் மட்டும். ஒற்றையர் ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து சாப்பிடப் போவார்களே, அந்த நேரம் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிற நாலு பேரில் ஒருவன். முப்பத்தேழு வயது வரைக்கும் அதுதான் பிழைப்பு.

பாதிக் களத்தைக் காப்பது லேசு என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் வலைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கட்டும். எதிரே ஒரு தடியன் நம் நெஞ்சைக் குறிவைத்து முழு பலத்தோடு அடிக்கும்போது கண்ணைச் சிமிட்டாமல் நிற்கட்டும். அப்புறம் பேசலாம். இவன் ஆள் குள்ளம், ஆனால் கைவேகம் அபாரம். வலையோரம் இவன் நின்றால் ஈ கூடத் தாண்டாது என்று பெயர்.

குறை ஒன்றே ஒன்று. பந்து தலைக்கு மேலே போய்விட்டால் போச்சு. நிமிர்ந்து பார்த்தபடி பின்னால் ஓடும்போது அது கோட்டுக்கு உள்ளே விழுமா வெளியே விழுமா என்ற கணக்கு இவனுக்கு என்றைக்குமே பிடிபட்டதில்லை. கண் டாக்டர் மூன்று பேர் பார்த்துவிட்டார்கள். கண் கழுகுக் கண் மாதிரி இருக்கிறது என்றார்கள். கழுகு மேலேயிருந்து கீழே பார்க்கும் பிராணி. கீழேயிருந்து மேலே பார்த்தால் அதற்கும் இதே கதிதானோ என்னவோ.

இந்தக் குறை தெரிந்த ஒரே ஆள் மச்சான்.

வாய்ப்பேச்சுக்கு மச்சான் இல்லை, நிஜ மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். முதலில் ஆட்டத்தில் ஜோடி சேர்ந்தார்கள். சொந்தம் அப்புறம்தான் வந்தது. ஜோடி சேர்ந்த இரண்டாம் வருஷம் மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போனவன், அங்கே மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு வந்திருந்த தங்கையைப் பார்த்தான். அத்தோடு சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறமும் வருஷத்தில் எட்டு மாசம் மச்சானோடுதான் ஒரே அறையில் வாசம். "எங்கண்ணன்தான் மூத்த தாரம், நான் இளைய தாரம்" என்பாள் அவள், தான் நடத்துகிற மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் கூட.

பந்து தலைக்கு மேலே எழும்பிய நொடியில் மச்சான் பின்னாலிருந்து குரல் கொடுப்பான். உள்ளே விழுகிற பந்தென்றால் "அடி மாப்ள!" வெளியே போகிற பந்தென்றால் "விடு மாப்ள!" இரண்டே வார்த்தை. இவன் அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டான். காதுக்கு அடி என்று கேட்டால் கை அடிக்கும், விடு என்று கேட்டால் கை தாழும். நடுவில் யோசனை என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டு வருஷத்தில் மச்சான் சொல்லித் தப்பிப்போன பந்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பார்க்கிறவர்கள் குள்ளனுக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். கண் இருந்தது வாஸ்தவம்தான், அது மச்சான் முகத்தில் இருந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. இரட்டையர் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் கையோடு கை தட்டிக்கொள்வார்கள். ஜெயித்தாலும் தட்டு, தோற்றாலும் தட்டு. தோற்றால் கட்டாயம் தட்டவேண்டும், இல்லாவிட்டால் மனஸ்தாபம் என்று அர்த்தமாகிவிடும். வீட்டில் மனைவி டம்ளரைக் கீழே போட்டு உடைத்தால் இவன் தன்னை அறியாமல் உள்ளங்கையை நீட்டுவான். "இதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, துடைப்பத்தை எடுங்க" என்பாள்.

போன வருஷக் கடைசியில் ஒரு விடுதியின் துணி துவைக்கும் அறையில் வைத்து மச்சான் குண்டைத் தூக்கிப் போட்டான். இரட்டையர்காரர்களுக்குத் துணி துவைக்க ஆள் வைத்தா கொடுப்பார்கள்? அடித்தளத்தில், காசு போட்டால் சுற்றுகிற இயந்திரத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் துணியையும் ஒன்றாகப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சுற்றுகிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, அடுத்த வருஷம் நான் கொக்கோட ஆடலாம்னு இருக்கேன்."

கொக்கு என்பது இவர்கள் வைத்த பெயர். வயது இருபத்துநாலு, உயரம் நிலைப்படிக்கு மேலே ஒரு சாண். அவன் சர்வ் போட்டால் பந்து மாடியிலிருந்து இறங்குவது போல வரும்.

"எப்ப முடிவு பண்ணின?"

"அவன் கேட்டு ஒரு மாசம் ஆச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. எனக்கும் வயசாகுது மாப்ள. இன்னும் ரெண்டு வருஷம் தாக்குப்பிடிக்கணும்னா அந்த மாதிரி ஒரு சர்வ் வேணும்."

"சரி."

"கோவமா?"

"மெஷின் நின்னுடுச்சு பாரு."

சுடச்சுடத் துணியை எடுத்து மேஜையில் கொட்டிப் பிரித்தார்கள். ஒரே கம்பெனிக் காலுறை, ஒரே நிறம், ஒரே அளவு. யாருடையது எது என்று தெரியாமல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். சொத்துப் பிரிக்கிற அண்ணன் தம்பி கூட அப்படி மௌனமாகப் பிரித்திருக்க மாட்டார்கள். அறைக்குப் போன பிறகு இவனுக்கு அழுகை வந்தது, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதான்.

மனைவி விஷயம் கேள்விப்பட்டதும் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டு நார் நாராகக் கிழித்தாள். "உனக்கு உயரம் வேணும்னா ஸ்டூல் போட்டு ஏறி நில்லு" என்றாளாம். அதற்கு அப்புறம் அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்றுபோனது.

இவனுக்கு ஒரு புதிய ஜோடி கிடைத்தான். இருபத்திரண்டு வயது, வேறு பாஷைக்காரன், நல்ல பிள்ளை. ஆட்டத்தில் "என்னுது", "உன்னுது" என்று இரண்டு சொல் மட்டும் பொது மொழியில் கத்துவான். பந்து யாருடையது என்று சொல்வானே தவிர அது எங்கே விழும் என்று சொல்லமாட்டான். அதைச் சொல்லவேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்? முழு வளர்ந்த ஆளுக்குப் பந்து எங்கே விழுமென்று தெரியாது என்று யார் நினைப்பார்கள்? இவனும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. தலைக்கு மேலே போன பந்து ஏதாவது தப்பிப்போனால் வெயிலில் கண் கூசியது என்பான். ஒருதடவை மேகமூட்டத்திலும் அதையே சொன்னான். புதியவன் வானத்தைப் பார்த்துவிட்டு மரியாதைக்குத் தலையாட்டினான்.

மனைவி இதற்கும் ஒரு பெயர் வைத்தாள். "மூணாம் தாரம் எப்படி?" என்பாள். இவன் சிரிக்கமாட்டான்.

ஏழு மாசத்தில் தரவரிசை படிப்படியாக இறங்கியது. பெரிய போட்டிகளில் குறிப்பிட்ட வரிசைக்குள் இருக்கிற ஜோடிகளைத்தான் சேர்ப்பார்கள். இவர்கள் அந்த வரிசையின் கடைசிப் படியில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் போட்டியில் அரையிறுதியை ஜெயித்தால் காலூன்றி நிற்கலாம், இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். தோற்றால் வெளியே. புதியவனும் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டான்: ஜெயித்தால் சேர்ந்து ஆடலாம், தோற்றால் அவன் வேறு ஆள் பார்க்கவேண்டியதுதான். சின்ன வயசு, அவன் பிழைப்பை அவன் பார்க்கவேண்டாமா? முப்பத்தேழு வயதுக் குள்ளனை அதற்குப் பிறகு எவன் சேர்த்துக்கொள்வான்? மனைவியிடம் இவன் வாக்குக் கொடுத்திருந்தான்: தோற்றால் வீட்டுக்கு வந்துவிடுவது, மருந்துக்கடையில் பில் போடுவது. கடை நல்ல கடைதான். ஆனால் இருமல் மருந்துக்குச் சில்லறை கொடுக்கிற கை இல்லை தன்னுடையது என்று இவன் நினைத்தான். வலையோரம் நிற்காவிட்டால் தான் ஒரு ஆளே இல்லை என்று இவனுக்குப் பயமாக இருந்தது.

அரையிறுதியில் எதிரே யார் என்று சொல்லவேண்டியதில்லை. மச்சானும் கொக்கும்.

ஆட்டத்தன்று காலையில் மனைவி கூப்பிட்டாள். கடை திறக்கிற நேரம், இரும்புக் கதவு உருளுகிற சத்தம் கேட்டது.

"நான் பாக்கப்போறதில்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். "எவன் ஜெயிச்சாலும் எனக்கு ஒரு பக்கம் நஷ்டம். செல்லுல காட்டறாங்களாம், காட்டட்டும். நான் மருந்தை அடுக்கறேன்."

"சரி."

"எங்கண்ணன் வந்து பேசினானா?"

"இல்ல. காலைல சாப்பிடற எடத்துல பாத்தான். தட்டைப் பாத்துக்கிட்டே போயிட்டான்."

"போறான் விடுங்க. மூட்டுக்கு மருந்து தடவிக்கிட்டீங்களா?"

"தடவிட்டேன்."

ஆடுகளம் வளாகத்தின் கடைக்கோடியில் இருந்தது. ஒரு பக்கம் வண்டி நிறுத்துமிடம், இன்னொரு பக்கம் உணவகத்தின் பின்சுவர். அடுக்களையின் புகைபோக்கி விசிறி ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. பெஞ்சுகளில் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் நிழலுக்காக வந்தவர்கள்.

முதல் செட்டின் மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பந்து இவன் தலைக்கு மேலே போனது. ஐந்தாவதில் இரண்டு. ஏழாவதில் கொக்கு அடிக்க வாகான பந்தைக்கூட அடிக்காமல் மேலே தூக்கினான். இவனுக்கு அப்போது உறைத்தது. பன்னிரண்டு வருஷம் ஊரறியாமல் மூடி வைத்த குறையை மச்சான் கொக்கின் காதில் ஓதிவிட்டான். வீட்டு ஆளே திருடனுக்குக் கொல்லைக்கதவைத் திறந்துவிட்டது மாதிரி. இவன் வலைக்கு அந்தப்பக்கம் பார்த்தான். மச்சான் ராக்கெட்டின் நரம்பை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் செய்தால் முகத்தைக் காட்டப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

'சண்டாளா' என்று மனதுக்குள் வைதான். ஒருத்தன் நம்மை விட்டுப் போவது ஒன்று. போனவன் நம் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போவது இன்னொன்று.

முதல் செட் போனது. ஆனால் கோபமும் சிலசமயம் நல்ல மருந்து. இரண்டாவது செட்டில் இவன் பந்தை மேலே எழும்பவே விடவில்லை. கொக்கு கையை ஓங்குவதற்குள் குறுக்கே பாய்ந்து வெட்டினான். கைக்கு எட்டியது எல்லாம் புள்ளியானது. புதியவன் வாயைப் பிளந்தான். செட் இவர்கள் பக்கம் வந்தது. ஆளுக்கொரு செட் ஆனால் மூன்றாவது செட் முழுசாக ஆடுவதில்லை. முதலில் பத்துப் புள்ளி எடுக்கிறவர்களுக்கு ஆட்டம். இந்தப் போட்டிக்காரர்கள் அடுத்த ஆட்டத்துக்குக் களம் வேண்டுமென்று இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள்: ஒன்பதுக்கு ஒன்பது ஆகிவிட்டால் அடுத்த ஒற்றைப் புள்ளியே முடிவு.

இந்த மாதிரி விதி போட்டால் ஒன்பதுக்கு ஒன்பது வராமல் போகுமா? வந்தது.

கொக்கு சர்வ் போட்டான். புதியவன் எப்படியோ திருப்பி அனுப்பிவிட்டு வலைக்கு ஓடி வந்தான். இரண்டு பேரும் வலையோரம், எதிரே வலையோரம் மச்சான், பின்னால் கொக்கு. நாலைந்து பந்து சடசடவென்று போய்வந்தன. கொக்கு குனிந்து, பந்தை இவன் தலைக்கு மேலே தூக்கினான். இவன் திரும்பி ஓடினான்.

"உன்னுது!" என்று புதியவன் கத்தினான்.

"விடு மாப்ள!"

கை தாழ்ந்தது. ராக்கெட் முழங்கால் பக்கம் தொங்கியது. பந்து பின்கோட்டின் மேல் விழுந்து வெள்ளைப் பொடியைக் கிளப்பிவிட்டு எழும்பிப் போனது. உள்ளே.

குரல் எங்கிருந்து வந்தது என்பது இவனுக்கு அதற்கு அப்புறம்தான் புரிந்தது. வலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து.

புதியவன் நடுவரின் உயர நாற்காலியைப் பார்த்து ஓடினான். "அந்தாள் கத்தினான்! பந்து எங்க பக்கம் இருக்கும்போது கத்தினான்! புள்ளி எங்களுக்கு!"

"என்கிட்ட சொன்னான்" என்றான் கொக்கு அந்தக் கோடியிலிருந்து. "பின்னால போன்னு எனக்குச் சொன்னான்." கூசாமல் சொன்னான். அவனுக்கு இந்தப் பாஷையில் ஓர் எழுத்து தெரியாது.

நடுவரம்மா கண்டிப்பான ஆள். இரண்டு சத்தம் கேட்டது, ஒன்று புரியாத பாஷை என்று அவருக்குத் தெரியும். மச்சானைப் பார்த்தார். மச்சான் வாய் திறக்கவில்லை. அவர் இவனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாஷைதானே? அவர் என்ன சொன்னார்? யாருக்குச் சொன்னார்? யோசிச்சுச் சொல்லுங்க. உங்களைத் திசை திருப்ப வேணும்னே கத்தியிருந்தா புள்ளி உங்களுக்கு. வாய் தவறி வந்திருந்தா அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடணும். அவர் ஜோடிகிட்ட சொல்லியிருந்தா, புள்ளி அவங்களுக்கு."

வாதியையே சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டார். வேணும்னேதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆட்டம் முடிந்தது, வரிசையில் இடம், இன்னும் ஒரு வருஷம். மறுக்க ஆள் கிடையாது. மத்தியானம் முழுக்கத் தன் குறையை வைத்தே தன்னை அடித்தவன்தானே? பாவம் பார்க்க அவன் என்ன பால்குடிப் பிள்ளையா? ஒருவேளை நிஜமாகவே வேண்டுமென்றுதான் கத்தினானோ? அப்படி நினைக்கவும் இவனுக்கு ஆசையாக இருந்தது.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். தெரியாமல் மச்சானைப் பார்த்துத் தொலைத்துவிட்டான்.

மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். தங்கை பிறந்தநாளை மறந்தபோதும் அப்படித்தான் நின்றான். விமானத்தைத் தவறவிட்ட அன்றைக்கும் அப்படித்தான். அந்த நாக்கை யாரும் நடிப்புக்குக் கடிக்க முடியாது. அவன் தன் கண்ணுக்கு வெளியே போகிறதாகத் தெரிந்த பந்தைத் தன் மாப்பிள்ளையிடம் விடச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். இவனுக்குப் பின்னால் நின்று பார்த்தே பழகிய கண். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒரு விரற்கடை பிசகிவிட்டது. தான் இப்போது எந்தப் பக்கம் என்பதை அந்த நொடியில் மச்சான் மறந்துபோயிருந்தான்.

"விடச் சொன்னார்" என்றான் இவன். "எனக்குத்தான் சொன்னார். வேணும்னு இல்ல. பழக்கம்."

"பழக்கமா?"

"பன்னெண்டு வருஷம் சேந்து ஆடினோம். அவர் சொன்னா நான் கேப்பேன்."

பெரிய மனசு, அது இது என்று இதற்குப் பூச்சூட்ட வேண்டாம். அந்த நாக்கு கண்ணில் படாமல் இருந்திருந்தால் பொய்தான் சொல்லியிருப்பான்.

நடுவரம்மா கொக்கை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மச்சானிடம், இன்னொரு தடவை சத்தம் வந்தால் புள்ளி எதிராளிக்கு, ஆட்டமும் எதிராளிக்கு என்று எச்சரித்துவிட்டுப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார்.

புதியவன் இவன் பக்கத்தில் வந்தான். கை தட்டிக்கொள்ளவில்லை. "நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சு."

"ஆனா அவன் சொன்னதைத்தான் செஞ்ச."

ராக்கெட்டால் வாயை மறைத்துக்கொண்டு அந்தப்பக்கமும் ஏதோ பேச்சு நடந்தது. மச்சான் என்னவோ சொல்ல, கொக்கு வேகமாகத் தலையை ஆட்டி மறுத்துவிட்டுச் சர்வ் கோட்டுக்குப் போனான்.

மறுபடி சர்வ். மறுபடி புதியவன் திருப்பி அனுப்பினான். இந்தத் தடவை பந்துகள் அதிகம் போகவில்லை. மூன்றாவது பந்திலேயே கொக்கு குனிந்தான், தூக்கினான். கோவில் கோபுரத்தைப் பார்ப்பது போல எல்லாரும் அண்ணாந்தார்கள்.

"உன்னுது!" என்று புதியவன் கத்தினான். அது யாருக்குத்தான் தெரியாது?

இவன் திரும்பி ஓடினான். ராக்கெட்டை ஓங்கிக்கொண்டுதான் ஓடினான். காது காத்திருந்தது. அடுக்களை விசிறி இரைந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் ஏதோ ஒரு வண்டி பின்னால் வந்து நின்றது. பெஞ்சில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். உலகத்தில் எல்லாச் சத்தமும் கேட்டது, அந்த ஒரு சத்தத்தைத் தவிர. நிமிர்ந்து பார்த்தான். வானம் முழுக்க வெளிச்சமாக இருந்தது. பந்து அதில் எங்கேயோ சும்மா நின்றுகொண்டிருந்தது. அதற்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இவனுக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

பந்து கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. சின்னக் குழந்தை கூட அடித்திருக்கும்.

நடுவரம்மா ஆட்டம் முடிந்ததென்று அறிவித்தார். புதியவன் இரண்டு கையையும் விரித்தான். அவனுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"ஏன் அடிக்கல?"

"யாரும் சொல்லலியே" என்றான் இவன்.

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. முப்பத்தேழு வயது ஆண்பிள்ளை பேசுகிற பேச்சா இது? ஆனால் உண்மை அதுதான், வேறு ஒன்றும் இல்லை.

கை குலுக்க வலைக்குப் போனார்கள். கொக்கு விரல்நுனியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். மச்சான் மணிக்கட்டில் போட்டிருந்த வியர்வைப் பட்டையைக் கழற்றி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். கடைசிப் புள்ளியில் குரல் வெளியே வந்துவிடக்கூடாதென்று வாயில் அடைத்துக்கொண்ட பட்டை அது. ஆட்டம் முடிந்தும் அதை எடுக்க மறந்து நின்றான். இவன் எதிரே வந்து நின்றதும்தான் எடுத்தான். கண் கலங்கியிருந்தது.

"அடிச்சிருக்கணும் மாப்ள. உள்ள."

"இப்பத் தெரியுது."

"இந்தத் தடவ தூக்காதேன்னு அவன்கிட்ட சொன்னேன். கேக்கல."

"முதல்ல தூக்கச் சொன்னது யாரு?"

மச்சான் வலையின் மேல்பட்டையைப் பார்த்தான். "நான்தான்" என்றான்.

இவனுக்கு வையத் தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் புள்ளி முடிந்துவிட்டது, தோற்றுவிட்டது, எதிரே மச்சான் நிற்கிறான். உள்ளங்கை தன்பாட்டுக்கு நீண்டது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான்.

உடைமாற்றும் அறையில் காலுறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"முடிஞ்சுது" என்றான். "உங்கண்ணன்தான்."

அந்தப்பக்கம் கல்லாப் பெட்டியை அறைந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றாள். "பாத்தேன்."

"பாக்கமாட்டேன்னு சொன்ன?"

"சொன்னேன். அதுக்கென்ன இப்ப? அந்தக் கடைசிப் பந்தை ஏங்க அடிக்காம நின்னீங்க? கல்லாவுல செல்லைச் சாய்ச்சு வச்சுக்கிட்டு நான் இங்கேருந்து அடிங்க, அடிங்கன்னு கத்தறேன். இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் மிரண்டுபோய்ச் சீட்டை அப்படியே விட்டுட்டு ஓடிட்டார். தெருவே எட்டிப் பாக்குது."

"எனக்குக் கேக்கலியே" என்றான்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அவ்வளவு தூரத்துல நின்னா எப்படிக் கேக்கும்?" என்றாள். "பஸ் எத்தனை மணிக்கு?"